மேலே அரிசி, கீழே தவிடு

செர்ச்சிப்,
செப்டம்பர் 12, வெள்ளிக்கிழமை.

அன்புள்ள தங்கை தன்சுவாலிக்கு,

அக்கா ரோசியாமி எழுதுவது. இங்கே அனைவரும் நலம், அங்கே உன் நலம் அறிய ஆவல் என்று தொடங்குவதுதான் முறை. இன்றைக்கு அந்த முதல் வரியை எழுத எனக்குக் கை வரவில்லை. நாங்கள் நலமாக இல்லை. உன் நலத்தைப் பற்றி அப்புறம் கேட்கிறேன்.

உன் கடிதம் திங்கட்கிழமை வந்தது. எட்டு வரி. அதில் ஆறு வரி வேதவசனம். மீதி இரண்டு வரியில், அங்கே ஒருவருக்குக் கொடுக்க என்னிடம் பழைய கம்பளி இருந்தால் அனுப்பச் சொல்லியிருக்கிறாய். படித்ததும் எனக்கு வந்த கோபத்தில் அதை அடுப்பில் போட எழுந்துவிட்டேன். எல்லாம் நன்மைக்கே என்று அருணாசலப் பிரதேச மலையில் உட்கார்ந்துகொண்டு எழுதுவது சுலபம். இந்தச் சமையலறையில் வந்து நின்று சொல்லிப் பார். பிறகு உன் கையெழுத்தைப் பார்த்ததும் மனம் கேட்கவில்லை. பிடியரிசி டப்பாவுக்கு அடியில் சொருகி வைத்துவிட்டேன்.

ஜூனில் காய்ச்சல் வந்து பன்றிகள் எல்லாம் போனதை உனக்கு எழுதினேன். வெள்ளை உடுப்பில் ஆட்கள் வந்ததையும், பின்பக்கம் குழி வெட்டியதையும் எழுதினேன். அதற்குப் பிறகு நடந்ததை எழுதவில்லை. உன் அத்தான் கூட்டுறவுச் சங்கத்தில் கடன் வாங்கித்தான் கொட்டிலுக்குச் சிமெண்டுத் தரை போட்டார் என்பது உனக்குத் தெரியும். இப்போது தினமும் காலையில் எழுந்து அந்தக் காலிக் கொட்டிலைத் துடைப்பத்தால் தேய்த்துத் தேய்த்துக் கழுவுகிறார். கழுவி முடித்ததும் வந்து சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கிறார். மூன்று மாதமாக அவர் குரல் இந்த வீட்டில் கேட்பது தும்மும்போது மட்டும்தான். சாப்பிடக் கூப்பிட்டால் வருவார், சாப்பிடுவார், தட்டைக் கழுவி வைப்பார். சண்டை போட்டாலாவது பரவாயில்லை என்றிருக்கிறது எனக்கு.

மூத்தவள் முவானி செவிலியர் படிப்பை நிறுத்திவிட்டு ஐஸ்வாலில் ஒரு துணிக்கடையில் நிற்கிறாள். அவளே எடுத்த முடிவு. நான் தடுக்கவும் இல்லை, தடுத்திருந்தால் கட்டணம் கட்ட வழியும் இல்லை. சின்னவர்கள் இரண்டு பேரும் சௌசௌவைப் பார்த்தாலே முகம் சுளிக்கிறார்கள். காலையில் சௌசௌ, சாயங்காலம் சௌசௌக் கொழுந்து. மிஞ்சியதைச் சாலை முக்கில் வைத்து விற்கிறேன். எல்லார் வீட்டுப் பந்தலிலும் அதுவே காய்த்துத் தொங்கும்போது யார் வாங்குவார்கள்?

சபையிலிருந்து ஜெபிக்க வந்தார்கள். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டதும் உன் அத்தான் பின்வாசல் வழியாக இறங்கிப் போய்விட்டார். அவர் உட்காரும் நாற்காலியைச் சுற்றி நின்று ஜெபித்தார்கள். கிளம்பும்போது ஒரு பெரியவர், ஏழை விதவை இரண்டு காசு போட்ட கதையை எனக்குச் சொன்னார். நான் விதவைகூட இல்லையே. புருஷன் உயிரோடு சுவரைப் பார்த்துப் படுத்திருக்கும் பெண்ணுக்கு வேதத்தில் என்ன கதை இருக்கிறது என்று கேட்க வாய் வரை வந்தது. தேநீர் ஊற்றிக் கொடுத்தேன், சர்க்கரை இல்லாமல்.

இனிமேல் எழுதப்போவதைத்தான் இத்தனை நேரம் தள்ளிப் போட்டேன்.

பிடியரிசியைப் பற்றி உனக்கு நான் சொல்லவேண்டியதில்லை. ஒவ்வொரு வேளையும் உலை வைக்குமுன் ஒரு பிடி எடுத்து டப்பாவில் போடுகிறோம். சனிக்கிழமை அதை வீடு வீடாகச் சேர்த்து, புடைத்து, விற்று, அந்தப் பணத்தில்தான் உன்னைப்போல ஊழியத்துக்குப் போன பிள்ளைகளுக்குச் சபை சம்பளம் அனுப்புகிறது. உன் தட்டில் விழும் சோறே அதுதான். ஜூன் வரை நான் ஒரு வேளை தவறியதில்லை. ஜூலையில் பிடி பாதியானது. ஆகஸ்டில் விரல் நுனியால் எடுத்துப் போட்டேன். போன வாரம் சின்னவர்கள் இன்னும் கொஞ்சம் கேட்டபோது, டப்பாவில் கிடந்ததையும் வழித்து உலையில் போட்டுவிட்டேன்.

காலி டப்பாவை நீட்டியிருக்கலாம். நீட்டினால் என்ன நடக்கும் என்று உனக்குத் தெரியும். பிடியரிசி நோட்டில் என் பெயருக்கு நேரே வெறும் இடம் விழும். அடுத்த நாளே நாலு பெண்கள் ஜெபிக்க வருவார்கள், அவர் மறுபடியும் பின்வாசல் வழியாக இறங்கிப் போவார், நான் மறுபடியும் அந்த நாற்காலிக்குப் பக்கத்தில் நிற்கவேண்டும். அதை இன்னொரு தடவை என்னால் தாங்க முடியாது. பன்றிக்கு வாங்கிய தவிடு இரண்டு மூட்டை மூலையில் கிடக்கிறது. டப்பாவில் முக்கால் அளவுக்குத் தவிட்டை நிரப்பினேன். மேலே இரண்டு பிடி அரிசி தூவினேன்.

சேகரிக்க வருவது வேறு யாருமில்லை, மேல்சரிவு வான்தாங்கிதான். நம் தாய்ப்பன்றி கயிற்றை அறுத்துக்கொண்டு போய் அவள் பந்தலைச் சாய்த்ததிலிருந்து, நாலு வருஷமாக எங்களுக்குள் பேச்சு சனிக்கிழமை மட்டும்தான், அதுவும் டப்பா அளவுக்குத்தான். போன சனிக்கிழமை வந்தாள், டப்பாவை வாங்கினாள், என் கூரைத் தகரம் துருப்பிடித்திருப்பதைக் குறை சொல்லிக்கொண்டே அண்ணாந்து பார்த்தபடி கூடைக்குள் இருந்த சாக்கில் கவிழ்த்தாள். அவள் கண் டப்பா பக்கம் திரும்பவேயில்லை. தப்பித்தேன் என்று நினைத்தேன்.

அன்று மதியம் சபைக் கூடத்தில் அரிசி புடைக்கும் முறை எனக்கும் வந்தது. நான் போட்ட தவிட்டை நானே முறத்தில் வைத்துப் புடைத்தேன், சுவாலி. சாக்கைக் கொட்டியதும் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. லால்மானியின் வாய்தான் உனக்குத் தெரியுமே. “யாரு வீட்டுப் பன்னிடி ஞானஸ்நானம் எடுத்திருக்கு? காணிக்கை போட ஆரம்பிச்சிருச்சே” என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். பிறகு சிரிப்பு பாதியில் நின்றது, ஏனென்றால் நம் சரிவில் இப்போது பன்றி இருக்கும் வீடே இல்லை, தவிடு மட்டும் எல்லார் வீட்டிலும் இருக்கிறது.

பெண்கள் சங்கத் தலைவி, இனிமேல் வாசலிலேயே மூடியைத் திறந்து கைவிட்டுப் பார்த்துத்தான் வாங்கவேண்டும் என்றார். அப்போதுதான் வான்தாங்கி முறத்தைக் கீழே வைத்தாள்.

“யார் வீட்டையும் துழாவ வேணாம். கோழித்தீவனச் சாக்கை உதறாம எடுத்துட்டு வந்துட்டேன். தப்பு என்னோடது.”

பத்தொன்பது வருஷமாகப் பிடியரிசிக் கூடை தூக்குகிறவள். தலைவி அவளை எல்லார் முன்னாலும் கடிந்துகொண்டார். முடியவில்லை என்றால் முன்னமே சொல்லியிருக்கலாமே என்றார். வருகிற 16ஆம் தேதி செவ்வாய்க்கிழமைப் பெண்கள் கூட்டத்தில் கூடையை வேறு ஒருத்திக்கு மாற்றலாம் என்றும் பேசினார்கள். வான்தாங்கி சரி என்று தலையை ஆட்டிவிட்டுத் திரும்பவும் புடைக்க ஆரம்பித்தாள். நான் அவளுக்கு நேர் எதிரே உட்கார்ந்திருந்தேன். வாயைத் திறக்கவில்லை.

அவள் பொய் பேசத் தெரிந்தவள் இல்லை. முகத்துக்கு நேரே மூக்கு கோணல் என்று சொல்லுகிற ஆள். அதனால் நிஜமாகவே தன் சாக்குதான் காரணம் என்று நம்பிவிட்டாள் போலிருக்கிறது. நான் பேசாமல் இருந்தால் இதோடு முடிந்துவிடும். இதில்தான் எனக்குக் கர்த்தர்மேல் தாங்க முடியாத எரிச்சல். மூன்று மாதம் அழுது கேட்டேன், ஒரு வழியும் திறக்கவில்லை. ஒரே ஒரு நாள் ஏமாற்றினேன், உடனே வழி திறந்துவிட்டது. இது என்ன நியாயம்? உன் வசனங்களில் இதற்கு ஏதாவது பதில் இருந்தால் எழுது.

நாளைக்கு அவள் கடைசி முறையாக வருவாள். டப்பாவில் ஒரு மணி இல்லை. நான் என்ன செய்வேன் என்று எனக்கே தெரியாது. கடிதத்தை முடிக்காமல் வைக்கிறேன்.

செப்டம்பர் 17, புதன்கிழமை.

சனிக்கிழமை நல்ல மழை. வான்தாங்கி நெற்றிப்பட்டையில் கூடையை மாட்டிக்கொண்டு சொட்டச் சொட்ட வந்து நின்றாள். நான் மூடியைத் திறந்து காலி டப்பாவைக் காட்டினேன். தைரியம் போய்விடுமுன் சொல்லிவிட வேண்டும் என்று, போன வாரத் தவிடு என்னுடையதுதான் என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். கத்துவாள் என்று காத்திருந்தேன். அவள் கூடையை இறக்கி வைத்தாள்.

“டப்பாவைத் தூக்குனப்பவே தெரியும். பத்தொம்பது வருஷமா தூக்குறேன், அரிசி கனம் எது தவிட்டுக் கனம் எதுன்னு என் கைக்குத் தெரியாதா?”

தெரிந்தும் ஏன் சாக்கில் கொட்டினாய் என்று கேட்டேன். கொஞ்சம் கோபமாகத்தான் கேட்டேன்.

“திருப்பிக் குடுத்திருந்தா, அடுத்த வாரம் நீ கதவைத் திறந்திருக்கவே மாட்டே.”

இதைச் சொல்லிவிட்டு உள்ளே வந்து அடுப்பு பக்கத்தில் உட்கார்ந்து தேநீர் கேட்டாள். சர்க்கரை இல்லை என்றேன். நாலு வருஷம் கழித்து உட்காருகிறவளுக்கு இதுதான் உபசாரமா என்று முணுமுணுத்தபடி குடித்தாள். குடிக்கும்போது ஒரு விஷயம் சொன்னாள். அவள் புருஷன் ஐஸ்வாலில் ஆஸ்பத்திரியில் கிடந்த வருஷம், இரண்டு மாதம் அவள் வீட்டு டப்பாவில் ஒன்றும் விழவில்லையாம். நோட்டு அவள் கையில்தானே, தன் பெயருக்கு நேரே கொடுத்ததாகத் தானே கோடு போட்டுக்கொண்டாளாம். இதுவரை யாரிடமும் சொன்னதில்லை, உன்னால் இன்றைக்கு வாயில் வந்துவிட்டது என்று என்னைத் திட்டினாள். அதையும் என் கணக்கிலேயே சேர்த்துவிட்டாள் பார்.

கிளம்பும்போது கூடைக்குள்ளிருந்து நாலு முட்டை எடுத்து அடுப்பு மேடையில் வைத்தாள். புடைத்த தவிட்டை வீட்டுக்குக் கொண்டுபோய்க் கோழிகளுக்குப் போட்டிருக்கிறாள். “உன் காணிக்கையைத் தின்னுட்டு அதுங்க குடுத்த சாட்சி” என்றாள். எனக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. செவ்வாய்க்கிழமை கூட்டத்தில் நான் எழுந்து உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்றேன். அப்போதுதான் கத்தினாள். நீ சொன்னால் நான் சபையில் பொய் சொன்னவள் ஆகிவிடுவேன், வாயை மூடிக்கொண்டு இரு என்று சொல்லிவிட்டு மழையில் இறங்கிப் போய்விட்டாள்.

எனக்கு வந்த ஆத்திரத்தைக் கேட்காதே. திருடியதும் நான்தான், இனி அதைச் சொல்லவும் எனக்கு உரிமை கிடையாதாம். மூன்று நாள் யோசித்தேன். அவள் பொய் சொன்னவள் என்று பெயர் எடுப்பதா, கை தளர்ந்தவள் என்று பெயர் எடுத்துக் கூடையை இழப்பதா? இரண்டில் எது அவளுக்குப் பெரிய வலி என்று எனக்குத் தெரியும். அந்தக் கூடை இல்லாவிட்டால் அவள் சனிக்கிழமைகளில் எந்த வீட்டைப் போய்த் திட்டுவாள்?

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நான் நல்ல புவானை இடுப்பில் சுற்றிக் கட்டிக்கொண்டு கிளம்பினேன். உன் அத்தான் எழுந்து சட்டை போட்டுக்கொண்டிருந்தார். நம் வீட்டில் இருப்பது பலகைத் தடுப்புதானே, சனிக்கிழமை பேசியது அத்தனையும் சுவரைப் பார்த்துப் படுத்தபடி கேட்டிருக்கிறார்.

“நானும் வரேன்” என்றார்.

மூன்று மாதத்துக்குப் பிறகு அவர் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை. நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஆனால் பொம்பளைங்க கூட்டத்துக்கா என்றுதான் கேட்டேன், அதுவும் வெடுக்கென்று. வாசல்வரை என்றார். சரிவில் ஏறும்போது பாதி வழியில் நின்றார். “தவிட்டு மூட்டை நான் வாங்குனது, ரோசி” என்றார். மறுபடியும் ஏறினார். கூடத்துக்கு வெளியே படிக்கட்டில் உட்கார்ந்துகொண்டார். உள்ளே போகும் பெண்கள் எல்லாரும் அவரைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார்கள். அவர் எழுந்து ஓடவில்லை.

கூடையை யாருக்குக் கொடுக்கலாம் என்று தலைவி கேட்டதும் நான் எழுந்தேன். தவிடு என் வீட்டுத் தவிடு, வான்தாங்கி அக்கா சாக்கில் எந்தத் தப்பும் இல்லை, அவள் சொன்னபோது நான் எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன் என்றேன். யாரும் என்னைக் கட்டிக்கொள்ளவில்லை. சாட்சிக் கூட்டங்களில் நடப்பதுபோல யாரும் அழவும் இல்லை. தலைவி நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். வான்தாங்கி என்னைப் பார்த்த பார்வையில் நான் எரிந்திருக்க வேண்டும். ஏன் அப்படிச் சொன்னாய் என்று தலைவி அவளைக் கேட்டதற்கு, அன்றைக்கு வாயில் அதுதான் வந்தது என்றாள். லால்மானிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கடைசியில் கூடை அவளிடமே இருக்கட்டும் என்று முடிவானது. கருணையால் அல்ல, மழைக்காலத்தில் இந்தச் சரிவில் ஏற வேறு யாரும் தயாராக இல்லை. இரண்டு பேர் நேற்றிலிருந்து என்னோடு பேசுவதில்லை. வான்தாங்கியும் பேசவில்லை.

பிறகு எல்லாரும் கண்ணை மூடி ஒரே நேரத்தில் சத்தமாக ஜெபித்தார்கள். எனக்கு வசனம் ஒன்றும் வரவில்லை. “இதோ பாரும், டப்பா காலி” என்று மட்டும் சொன்னேன். அப்போதுதான் எனக்கு உறைத்தது. மூன்று மாதமாக நான் கர்த்தரிடமும் அப்படித்தான் பேசியிருக்கிறேன். மேலே ஸ்தோத்திரம், நன்றி, எல்லாம் உமது சித்தம். அடியில் இருந்ததை ஒரு நாளும் காட்டியதில்லை. நேற்று முதல் முறையாகக் காட்டினேன். பதில் வந்தது என்று சொல்லமாட்டேன், வந்திருந்தால் சொல்லியிருப்பேன். ஆனால் யாரோ தூக்கிப் பார்த்து, கனம் தெரிந்தும், திருப்பிக் கொடுக்காமல் வாங்கிக்கொண்டதுபோல இருந்தது. அவர்மேல் எனக்கு இருக்கும் கோபம் இன்னும் தீரவில்லை. பேச்சு மட்டும் திரும்ப ஆரம்பித்திருக்கிறது.

இன்று காலையும் உன் அத்தான் கொட்டிலைக் கழுவினார். பிறகு மிச்சத் தவிட்டு மூட்டையை முதுகில் ஏற்றிக்கொண்டு மேல்சரிவுக்குப் போனார். வெகு நேரம் கழித்து வந்தார். நாலு வருஷமாகச் சாய்ந்து கிடந்த பந்தல் காலை நிமிர்த்திக் கட்டிவிட்டு வந்திருக்கிறார். வந்து, சாப்பிட்டு, சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். கடன் அப்படியே இருக்கிறது. முவானி கடையில்தான் நிற்கிறாள். எல்லாம் மாறிவிட்டது என்று நான் உனக்கு எழுதமாட்டேன்.

இனி உன் விஷயம். டப்பாவுக்கு அடியில் சொருகிய உன் கடிதத்தை எடுத்தேன். முந்தைய இரண்டையும் தேடி எடுத்து மூன்றையும் வரிசையாக வைத்துப் படித்தேன். போன வருஷம் உன் கடிதம் முழுக்க ருவாயிதான், ருவாயி சோற்றைக் குழைய விட்டாள், ருவாயி பாம்பைப் பார்த்து மேசைமேல் ஏறினாள் என்று. ஏப்ரலுக்குப் பிறகு அந்தப் பெயரே இல்லை. உன்னோடு ஒரே அறையில் இருந்தவள் எங்கே போனாள்? நீ கிளம்பும்போது இரண்டு கம்பளியை நானே மடித்து வைத்தேன். அந்த “ஒருவருக்கு” இரண்டும் போதவில்லையா, அல்லது அந்த ஒருவரே நீதானா? பக்கத்தை நிரப்புவதற்காக எழுத்தைப் பெரிதாக்கியிருக்கிறாய். சிறு வயதில் கட்டுரை எழுதத் தெரியாதபோது இப்படித்தான் செய்வாய்.

கடிதத்தைக் கையில் வைத்துத் தூக்கிப் பார்த்தேன், சுவாலி. கனம் சரியில்லை.

வசனம் எழுதாதே என்று சொல்லவில்லை. எழுது, நான் படிக்கிறேன், கோபித்துக்கொண்டாவது படிக்கிறேன். ஆனால் அடியில் இருப்பதையும் போடு. தனியாக இருக்கிறாயா, உடம்புக்கு என்ன, என்ன சாப்பிடுகிறாய், யாராவது உன்னைத் திட்டுகிறார்களா, திட்டக்கூட யாரும் இல்லையா, அதை எழுது. நான் உன்னைவிட ஒன்றும் சுத்தமானவள் இல்லை என்றுதான் இத்தனை பக்கம் எழுதியிருக்கிறேன். எழுத ஒன்றுமே இல்லாவிட்டால், மேலே எதையும் தூவாமல் வெறும் தாளையாவது அனுப்பு. நான் திருப்பி அனுப்பமாட்டேன்.

கம்பளியை இதோடு கட்டி அனுப்புகிறேன். பழையது இல்லை, என் கட்டிலில் இருந்தது. நீயே போர்த்திக்கொள்.

இன்று காலை உலை வைக்குமுன் ஒரு பிடி எடுத்து டப்பாவில் போட்டேன். சின்னப் பிடிதான், வெறும் அரிசி. உன் பெயரைச் சொல்லிப் போட்டேன். கர்த்தர் உன்னைக் காக்கட்டும், குளிராமலும் பார்த்துக்கொள்ளட்டும்.

பதிலை எதிர்பார்த்திருக்கும்,
உன் அக்கா,
ரோசியாமி.